பிரச்சினை இல்லாதவர்

மூன்று பெயர்கள் கேட்டு ஒரு படிவம் வந்திருக்கிறது. நாடகத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் பொதுப்பணத்திலிருந்து நல்கை தரும் குழு ஒன்றைப் புதிதாக அமைக்கிறார்கள். முன்பு இதுபோன்ற ஒரு குழுவில் ஒரு தவணை உட்கார்ந்து எழுந்தவன் என்பதால் என்னிடமும் பரிந்துரை கேட்டிருக்கிறார்கள். பெயர், துறை, அனுபவம், குறிப்பு என்று நான்கு கட்டம். உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு பெயர்களை எழுதிவிட்டேன். மூன்றாவதுக்கு யோசிக்கும்போதுதான் மேலே இருந்த இரண்டையும் திரும்பப் பார்த்தேன். இருவரும் தகுதியானவர்கள், அதில் சந்தேகமில்லை. இருவரும் நான் எதை எழுதினாலும் 'சரியாச் சொன்னீங்க' என்று செய்தி அனுப்புகிறவர்கள். அவர்கள் எந்தச் சின்னத்துக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும், என்னுடையது அவர்களுக்கும் தெரியும். எழுதும்போது இதையெல்லாம் நான் நினைக்கவே இல்லை. நினைக்காமலே கை அந்தப் பக்கம் போயிருக்கிறது.

'குறிப்பு' கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனா நின்றுவிட்டது. அந்தக் கட்டத்தோடு எனக்கு நான்கு வருடமாகத் தீராத கணக்கு ஒன்று இருக்கிறது. பல முறை எழுத நினைத்துத் தள்ளிப்போட்டேன், ஏனென்றால் அதை எழுதினால் நான் நல்லவனாகத் தெரியமாட்டேன். படிவம் மேசையில் கிடக்கும்போது இனியும் தள்ளிப்போட முடியவில்லை.

அரசியல் நியமனம் என்றதும் நம் கண்ணில் வருகிறவர் தேர்தலில் தோற்றவர், அல்லது சீட் கிடைக்காதவர், அல்லது கடைசி நேரத்தில் கட்சி மாறி வந்தவர். அவருக்கு ஒரு கார், ஒரு அறை, கதவில் ஒரு பெயர்ப்பலகை வேண்டும். வாரியம் எதற்கு இருக்கிறது? இதை யாரும் பெரிதாக மறைப்பதும் இல்லை. வில்லியம் மார்சி என்ற அமெரிக்க செனட்டர் 1832ல் அவையிலேயே எழுந்து, போரில் வென்றவர்களுக்குத்தான் கொள்ளைப்பொருள், இதில் என்ன தப்பு என்கிற தொனியில் பேசினார். அரை நூற்றாண்டு கழித்து, 1881ல், கேட்ட பதவி கிடைக்காத ஆத்திரத்தில் சார்லஸ் கிட்டோ என்பவர் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்ட பிறகுதான் அங்கே கொஞ்சம் உறைத்தது. 1883ல் பெண்டில்டன் சட்டம் வந்தது, அரசு வேலைகளில் ஒரு பகுதிக்குப் போட்டித் தேர்வு வந்தது. குமாஸ்தாவுக்குத் தேர்வு வைக்கலாம். எந்த நாடகம் மேடையேற வேண்டும், எந்த ஆராய்ச்சிக்குப் பணம் போக வேண்டும் என்று தீர்மானிக்கிறவருக்கு என்ன தேர்வு வைப்பீர்கள்? 'அனுபவம்', 'முதிர்ச்சி', 'சமநிலை' என்றுதான் விளம்பரத்தில் போட முடியும். இந்த மூன்று சொற்களும் எவ்வளவு பெரிய மூட்டையையும் தாங்கும்.

எனக்கு நியமனக் கடிதம் வந்தபோது தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, 'யாரு சிபாரிசு?' கோபமாக வந்தது. எந்தக் கட்சி அலுவலகத்து வாசலையும் நான் மிதித்ததில்லை. இருபது வருடமாக எழுதுகிறேன், நாடக விமர்சனம் எழுதுகிறேன், இரண்டு மொழிகளிலிருந்து மொழிபெயர்த்திருக்கிறேன். தகுதி பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், கேட்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லவும் செய்தேன்.

எட்டி நின்று கொடுப்பது

இந்தக் குழுக்களுக்குப் பின்னால் ஒரு நல்ல எண்ணம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. பணத்தை அரசு தரும், யாருக்கு என்பதை அரசு சொல்லாது. ஆங்கிலத்தில் 'ஆர்ம்ஸ் லெங்த்' என்கிறார்கள், ஒரு கை நீளத் தூரம். தமிழில் 'கை நீளம்' என்றால் அர்த்தமே வேறு, அதனால் எட்டி நின்று கொடுப்பது என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டனில் ஆராய்ச்சி நிதி விஷயத்தில் இந்த எண்ணத்தை 1918ல் வந்த ஹால்டேன் அறிக்கையிலிருந்து தொடங்குவது வழக்கம். கலைக்கு அதைக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுபவர் பொருளாதார மேதை கெய்ன்ஸ். போர்க்காலத்தில் இசையையும் ஓவியத்தையும் ஊக்குவிக்க அமைந்த மன்றத்துக்கு 1942லிருந்து அவர்தான் தலைவர். அதுவே 1946ல் பிரிட்டிஷ் கலை மன்றமாக மாறியது, அதற்குள் கெய்ன்ஸ் இறந்துவிட்டார். பிறகு கனடா 1957ல், அமெரிக்கா 1965ல் என்று வரிசையாகத் தத்தமக்கு ஒன்று அமைத்துக்கொண்டன.

இதில் எனக்குப் பிடித்த ஒரு முடிச்சு உண்டு. அந்தப் போர்க்கால மன்றத்தின் தலைவராக இருந்த அதே காலத்தில் கெய்ன்ஸ், லண்டனின் கோவென்ட் கார்டன் ஆப்பரா அரங்கை மீட்டெடுக்க அமைந்த அறக்கட்டளைக்கும் தலைவர். கொடுக்கும் நாற்காலியிலும் அவர், வாங்கும் நாற்காலியிலும் அவர். மனைவி பாலே நடனக் கலைஞர். மனிதர் நேர்மையானவர்தான், யாருடைய பையையும் நிரப்பவில்லை. ஆனால் பெரும்பங்கு பணம் தலைநகரத்து ஆப்பராவுக்கும் பாலேவுக்கும் போகிறது, சிற்றூர் நாடகக் குழுக்களுக்கு மிச்சம்தான் கிடைக்கிறது என்ற புகார் அந்த மன்றத்தோடு கூடவே பிறந்து, பல பத்தாண்டுகளாக அதனுடனேயே நடந்து வந்திருக்கிறது. அரசு எட்டி நின்றது, சரி. நாற்காலியில் உட்கார்ந்தவரின் ரசனை எட்டி நிற்குமா?

அதனால்தான், 'மக்கள் ஓட்டுப் போட்டு எங்களை அனுப்பியிருக்கிறார்கள், எங்கள் பார்வை கொண்டவர்கள் குழுவில் இருப்பதில் என்ன தவறு' என்று அமைச்சர்கள் கேட்கும்போது என்னால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடிவதில்லை. நிபுணர்கள் கையில் முழுதாக விட்டாலும் அது ஒரு சபாவாகிவிடும். அவரவர் சீடர், அவரவர் பாணி, பத்து வருடமாக மாறாத பயனாளிப் பட்டியல். அந்தப் பூட்டை உடைக்கச் சில சமயம் வெளியிலிருந்து ஒருவர் வரத்தான் வேண்டும். என் சங்கடம் வேறு இடத்தில்.

ஏழு மதிப்பெண்

எங்கள் குழுவில் ஐந்து பேர். விண்ணப்பங்களை வீட்டிலேயே படித்து நூற்றுக்கு மதிப்பெண் போட்டு அனுப்பிவிட வேண்டும், கூட்டத்தில் சராசரியைத் திரையில் காட்டுவார்கள். எழுபதுக்கு மேல் என்றால் நல்கை உண்டு. தலைவர் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், கூட்டம் தொடங்கும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார், முடிந்ததும் கட்டிக்கொள்வார். இடையில் குரல் உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. ஒரு முறைகூட யாருக்கும் எந்த உத்தரவும் போட்டதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் எதிர்பார்த்த அரசியல் தலையீடு அந்த அறைக்குள் நுழையவே இல்லை. தொலைபேசி வரவில்லை. துண்டுச்சீட்டு வரவில்லை.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாடகம் வந்தது. ஓர் அணைக்காக ஊரைக் காலி செய்துவிட்டுப் போன மக்களைப் பற்றியது. நாடகம் முழுவதும் ஒரே ஓர் இரவு. மறுநாள் காலையில் லாரி வரும், எதை எடுத்துக்கொண்டு போவது, எதை விட்டுவிட்டுப் போவது என்று ஒரு குடும்பம் பேசிக்கொண்டே இருக்கும். ஒரு கிழவி கதவை மட்டும் கழற்றித் தரச் சொல்லுவாள். புது ஊரில் வீடே இல்லையே, கதவை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று பேரன் கேட்பான். அதற்கு அவள் பதில் சொல்லமாட்டாள், தாழ்ப்பாளைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருப்பாள். படித்து முடித்துவிட்டு 78 போட்டேன். வசனம் சில இடங்களில் நீளம், அதற்கென்று நான்கு மதிப்பெண் குறைத்துத்தான் அந்த 78.

கூட்டத்தன்று திரையில் எக்செல் அட்டவணை. அந்த வரிசையில் 78, 74, 72, 66, 65. சராசரி 71. தகுதி பெற்ற வரிசைகள் தானாகப் பச்சையாகும்படி அமைத்திருந்தார்கள், இதுவும் பச்சையாக இருந்தது. தலைவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அப்போது வேறொரு திட்டத்துக்காக நிலம் எடுப்பு நடந்துகொண்டிருந்தது, செய்தித்தாள்களில் தினமும் அதுதான். 'நாடகம் நல்லா வந்திருக்கு, அதுல ரெண்டு கருத்து இல்ல,' என்றார். 'நேரம்தான் கொஞ்சம் சரியில்லையோன்னு ஒரு யோசனை. யாராவது மார்க்கைத் திரும்பப் பார்க்கணும்னு நினைச்சா பார்க்கலாம். கட்டாயம் ஒண்ணுமில்ல.' சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் தம்ளரின் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

நான்கைந்து நொடி யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு குரல், 'வசனம் கொஞ்சம் நீளம்தான்' என்றது. அது என் குரல். '71 போட்டுக்குங்க.'

செயலர் தட்டினார். 71 என்று இருந்த சராசரி 69.6 ஆனது. பச்சை வரிசை சிவப்பானது, அதற்கு யாரும் எதுவும் செய்யத் தேவைப்படவில்லை. ஒரே குற்றத்துக்கு நான் இரண்டு முறை தண்டனை கொடுத்திருந்தேன், முதல் முறை வீட்டில், இரண்டாம் முறை சபையில். 74 போட்டவர் ஒரு பெண்மணி, முப்பது வருடமாக மேடைக்கு ஒளி அமைக்கிறவர். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு செயலரிடம், 'என் மறுப்பை மினிட்ஸ்ல ஏத்துங்க' என்றார். 'முடிவு மட்டும்தான் மேடம் எழுதுவோம், பேச்சை எழுதுற வழக்கமில்லை' என்றார் செயலர். அவர் வாதாடவில்லை. தன் மதிப்பெண் தாளைத் திரும்ப வாங்கி, அடியில் இரண்டு வரி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அடுத்த விண்ணப்பத்துக்குப் போனோம்.

வீட்டுக்கு வரும்போது எனக்கு எந்த உறுத்தலும் இல்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். வசனம் நீளம்தானே.

நான்காவது கட்டம்

பிறகு ஆட்சி மாறியது. இரண்டு வரிக் கடிதத்தில் குழுவைக் கலைத்தார்கள். சேவைக்கு நன்றி, புதிய குழு விரைவில் அமைக்கப்படும். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. தகுதியால் வந்தவர்களை அரசியல் காரணத்துக்காக வெளியேற்றுகிறார்கள் என்று இதே பக்கத்தில் நீளமாக ஒன்று எழுதினேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். போலந்தில் திரைப்பட நிறுவனத்தின் இயக்குநர் மக்தலேனா ஸ்ரோகாவை 2017 அக்டோபரில் பண்பாட்டு அமைச்சர் பதவிக்காலம் முடியுமுன்பே நீக்கியதையும், ஹங்கேரியில் ஆட்சிக்கு இணக்கமான ஒரு கலை அகாதமிக்கு 2011 அரசியல் சட்டத்திலேயே இடம் கொடுத்ததையும் அதில் உதாரணமாகக் காட்டியிருந்தேன். இப்போது படித்தால் காது சுடுகிறது. தகவல் எதுவும் தவறில்லை, அந்த வரிசையில் என்னையும் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேனே, அதற்காக.

அந்தப் பதிவு வந்து ஒரு மாதம் இருக்கும். வேறொரு வேலைக்கு, குழுவில் இருந்தேன் என்பதற்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர், ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன. நியமன ஆணையின் நகல் போதும் என்று சொல்லிக் கோப்பையே என் கையில் கொடுத்து, பக்கத்து அறையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆணைக்கு முந்தைய தாளில் ஒரு பட்டியல். பதினான்கு பெயர்கள். பெயர், துறை, அனுபவம், குறிப்பு. முதல் மூன்று கட்டமும் தட்டச்சு. நான்காவது பென்சில்.

ஒரு பெயருக்கு எதிரே 'நம்மவர்'. இன்னொன்றுக்கு 'அவர்கள் பக்கம்', மேலே ஒரு கோடு. 'விசாரிக்கவும்' என்று மூன்று நான்கு. ஒளி அமைக்கிற அந்தப் பெண்மணியின் பெயருக்கு எதிரே முதலில் 'விசாரிக்கவும்', அதை அடித்துவிட்டு, 'ஒருவர் இருக்கட்டும்'. என் பெயர் ஒன்பதாவது. எதிரே, 'பிரச்சினை இல்லை'.

'நம்மவர்' என்று இருந்திருந்தால் சிரித்திருப்பேன், உங்கள் உளவு இவ்வளவுதானா என்று. 'அவர்கள் பக்கம்' என்று இருந்து, அதையும் மீறி எடுத்திருந்தால் மார்தட்டியிருப்பேன். இது இரண்டும் இல்லை. யாரோ ஒருவர் என் இருபது வருட எழுத்தையும் புரட்டியிருக்கிறார், அல்லது புரட்டியவரிடம் கேட்டிருக்கிறார், என்னை இரண்டே சொல்லில் சரியாகப் பிடித்திருக்கிறார். கிழவியின் தாழ்ப்பாளை அந்த நாடகம் எழுதப்படுவதற்கு ஒரு வருடம் முன்பே பென்சில்காரர் மூடிவிட்டார். அந்தக் கூட்டத்தில் தலைவர் என்னைப் பார்க்காமல் தம்ளர் மூடியைப் பார்த்ததன் காரணமும் அப்போதுதான் புரிந்தது. பார்க்கத் தேவையில்லை.

கோப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது எழுத்தர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். 'அந்தப் பக்கத்தை எடுக்கலையே சார்?' என்றார். இல்லை என்றேன். 'எல்லா ஆட்சியிலயும் இதே ஃபார்மட்தான் சார். ஆள் மாறினா புதுசா பிரிண்ட் எடுப்போம்,' என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

தடயம் விடாத கை

அதற்குப் பிறகு இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வித்தியாசம் கண்ணில் படத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மன்றத்தின் நிபுணர்கள் தேர்ந்தெடுத்த 11 ஆய்வுத் திட்டங்களை, எல்லாமே கலை, இலக்கியம், வரலாறு போன்ற புலங்கள் சார்ந்தவை, சுமார் 42 லட்சம் டாலர், அன்றைய கல்வி அமைச்சர் சைமன் பர்மிங்ஹாம் தன் அதிகாரத்தால் நிறுத்தினார். விண்ணப்பித்தவர்களுக்குக் காரணம் தெரியாது. 2018 அக்டோபரில் செனட் விசாரணையில்தான் வெளியே வந்தது. நாடே கொதித்தது. 2021 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இன்னோர் அமைச்சர் ஆறு திட்டங்களை நிறுத்தினார், முதலாம் எலிசபெத் காலத்து நாடக அரங்கைப் பருவநிலை எப்படிப் பாதித்தது என்ற ஆய்வும் அதில் ஒன்று. கடைசியில் 2024ல் சட்டத்தையே திருத்தி, பெரும்பாலான நல்கைகளுக்கு ஒப்புதல் தரும் உரிமையை அமைச்சரிடமிருந்து எடுத்து ஒரு வாரியத்திடம் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த வாரியத்துக்கு ஆள் போடுவது யார்? சுற்றிச் சுற்றி அதே நான்காவது கட்டத்துக்குத்தான் வந்து நிற்கிறோம்.

அமெரிக்காவிலும் இப்படித்தான். 1990ல் தேசியக் கலை நல்கை அமைப்பின் தலைவர் ஜான் ஃப்ரான்மேயர், சக கலைஞர்கள் அடங்கிய குழு பரிந்துரைத்த நான்கு நிகழ்த்துக் கலைஞர்களின் நல்கையை நிறுத்தினார். வழக்கு நடந்தது, 1993ல் சமரசமாகிப் பணம் வந்தது. அதே 1990ல் 'கண்ணியத்தின் பொதுவான அளவுகோல்களை' கருத்தில் கொள்ள வேண்டும் என்று நாடாளுமன்றம் சேர்த்த விதி மட்டும் உச்ச நீதிமன்றம் வரை போய் 1998ல் 8க்கு 1 என்று நிலைத்தது. இவ்வளவு செய்த ஃப்ரான்மேயரையும் 1992ல் அரசியல் நெருக்கடி வந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பது தனிக் கதை. நான் சொல்ல வருவது இதுதான். அமைச்சரோ தலைவரோ வெளிப்படையாகத் தடுத்தால் ஒரு கையெழுத்து இருக்கும், ஒரு தேதி இருக்கும், வழக்குப் போட ஒருவர் இருப்பார். நாற்காலியிலேயே சரியான ஆளை உட்காரவைத்துவிட்டால் தடுக்கவே வேண்டியதில்லை. 69.6 என்ற எண்ணுக்கு எதிராக எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

அந்த நாடகக் குழுவுக்குப் போன கடிதத்தில் 'தகுதி மதிப்பெண் பெறவில்லை' என்றுதான் இருந்திருக்கும். அடுத்த ஆண்டு அவர்களிடமிருந்து விண்ணப்பம் வந்தது, எனக்கு நினைவிருக்கிறது. பழைய புராணக் கதை ஒன்றைப் புதிய முறையில் சொல்வதாக. நன்றாகவே இருந்தது. எல்லோரும் எழுபதுக்கு மேல் போட்டோம். அவர்கள் எழுதாமல் விட்ட நாடகத்துக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை, அது அட்டவணையில் ஒரு வரிசையாகக்கூட இல்லை.

இதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் 1995ல், பொதுப் பதவியில் இருப்பவர்களின் நடத்தை நெறிகளை ஆராய்ந்த நோலன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு பொது நியமனங்களைக் கண்காணிக்கத் தனி ஆணையர் வந்தார். விண்ணப்பிக்கிறவர் கடந்த ஐந்தாண்டில் கட்சிப் பொறுப்பு வகித்தாரா, வேட்பாளராக நின்றாரா, நன்கொடை கொடுத்தாரா என்று அறிவிக்க வேண்டும். பிறகு வந்த 2016 விதிமுறைப்படி, தேர்வுக் குழு 'இவர் தகுதியில்லை' என்று சொன்னவரையும் அமைச்சர் நியமிக்கலாம், ஆனால் முன்கூட்டியே ஆணையரிடம் கலந்து, ஏன் என்று பொதுவில் விளக்க வேண்டும். விளக்கம் சொல்ல வேண்டும் என்ற கூச்சமே ஓரளவு வேலி. ஆனால் என்னைப் போன்றவன் அந்தப் படிவத்தை நிரப்பினால் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்றே உண்மையாக எழுதுவேன். கட்சிக்காரனைப் பிடிக்கும் வலையில், பிரச்சினை பண்ணாதவன் எப்படிச் சிக்குவான்?

சிலர் சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்கிறார்கள். கேலி இல்லை. நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றம் 2013ல் ஒரு வகை நல்கையைக் குலுக்கலில் தரத் தொடங்கியது, முதலில் அடிப்படைத் தகுதி மட்டும் பார்த்தார்கள். சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் நிறுவனமும் சமமாக நிற்கும் விண்ணப்பங்களுக்குக் குலுக்கலைப் பயன்படுத்துகிறது. நமக்கு இது புதிதா என்ன? பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், உத்திரமேரூர்க் கோவில் சுவரில் வெட்டி வைத்தது இதைத்தானே. ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் கையால் எடுக்கவைத்து, வாரியத்துக்கு ஆள் போட்டார்கள். வாரியம் என்ற சொல்லே அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர் எவரும் நிற்கக் கூடாது. அண்மைய மூன்றாண்டுக்குள் இருந்தவர் நிற்கக் கூடாது. உறவினர் யார் யார் என்று கல்வெட்டு அடுக்கிக்கொண்டே போகும், எழுதியவர்கள் நிறையப் பட்டிருக்க வேண்டும். பெருமையாக இருக்கிறது, பாடப்புத்தகத்தில் படித்த நாளிலிருந்தே. ஆனால் அதே கல்வெட்டில், ஓலையில் பெயர் ஏற, வரி செலுத்தும் நிலம் அந்தக் காலத்து அளவில் பொதுவாகக் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு பிராமணச் சபை. குலுக்கல் நேர்மையாகத்தான் நடந்திருக்கும். குடத்துக்குள் எந்த ஓலை போகலாம் என்பது குலுக்கலுக்கு முன்பே முடிந்துவிட்ட விஷயம். என் இரண்டு பெயர்களைப் போல.

படிவத்துக்குத் திரும்புகிறேன். எழுதிய இரண்டு பெயர்களில் ஒன்றை அடித்தேன், இன்னொன்றை விட்டுவைத்திருக்கிறேன். சரியா தவறா தெரியவில்லை, அவர் நல்ல மொழிபெயர்ப்பாளர். மூன்றாவதாக ஒளி அமைக்கிற அந்தப் பெண்மணியின் பெயரை எழுதுமுன் அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். நான்கு வருடத்தில் முதல் அழைப்பு. என் குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டார், 'சொல்லுங்க சார்' என்றார், அதில் வெப்பமும் இல்லை குளிரும் இல்லை. விஷயத்தைச் சொன்னேன். பென்சில் குறிப்பையும் சொல்லிவிட்டேன், என்னுடையதையும் அவருடையதையும். 'ஒருவர் இருக்கட்டுமா?' என்று கேட்டுவிட்டு நன்றாகவே சிரித்தார். ஏழு மதிப்பெண்ணைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

பிறகு சொன்னார், 'என் பேரை எழுதறதுன்னா எழுதுங்க, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. இந்தப் புதுக் குழுவுல ஒருத்தர் ஒத்துக்கலன்னா அதை மினிட்ஸ்ல எழுதுவாங்களா? எழுதுவாங்கன்னா வரேன். அந்தத் தாளோட அடியில எழுதிக் கொடுத்தேனே, அது எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.'

அந்தக் கேள்வியை அப்படியே எழுதி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்பது நாள் ஆகிறது. நேற்று அங்கிருந்து ஓர் இளைஞர் பேசினார், மிகவும் மரியாதையாக. மினிட்ஸ் பற்றி மேலே கேட்டிருக்கிறார்களாம், பதில் வந்ததும் சொல்வாராம். அதற்குள் படிவத்தை அனுப்பிவிட முடியுமா என்று கேட்டார், கடைசித் தேதி நெருங்குகிறது. பெயர்கள் தயார் என்றேன். 'குறிப்பு காலியா இருந்தாலும் பரவாயில்ல சார்,' என்றார், 'அதை நாங்க இங்க ஃபில் பண்ணிக்குவோம்.'